வாகனத்தின் மேலாடை

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையோரத்தில், குஷன் கடை ஒன்றின் வாசலில், ஆவணி மாதத்து இளவெயிலில் பழைய ஜீப் ஒன்றின் ஹூடைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் தையல்களைப் பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்த வயோதிகத் தையற்காரர் ஒருவரைக் கண்டபோது, என் ஜீப்பின் ஹூடும் அந்தக் கதியை எப்போதோ அடைந்துவிட்டதென்பது நினைவுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டேன். புதிது தைக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். வண்டியை முதலில் கொண்டுவரச் சொன்னார். அளவு சொன்னால் போதாதா என்றதற்கு, "சட்டை தைக்கணும்னா ஆளு நேர்ல வரணும் சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்கு இப்போது தோன்றுகிறது. ஹூடை நாம் கூரையென்று நினைக்கிறோம். ஓட்டையும் தளத்தையும் போல ஒருமுறை போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் ஏறிட்டுப் பார்க்கவேண்டியதில்லை என்று இருந்துவிடுகிறோம். அதுவோ அளவெடுத்து வெட்டி, தைத்து, உடுத்தி, துவைத்து, உலர்த்தி, மடித்து வைக்கவேண்டிய ஆடை. ஆடைக்குரிய கவனத்தை அதற்குச் செலுத்தாதவன், எவ்வளவு உயர்ந்த சரக்கை வாங்கிப் போட்டாலும் ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டேதான் வண்டி ஓட்டவேண்டும்.

இந்த ஆடையை மோட்டாருக்குக் கொடுத்தது குதிரை வண்டி. 1840-ல் மதராஸில் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியார் கோச்சு வண்டிகள் செய்து பெயரெடுத்தவர்கள். அவர்களிடம் பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். வண்டி மாறியதே தவிர அதைச் செய்த கைகள் மாறவில்லையாதலால், குதிரை வண்டியில் மடங்கி விரிந்த மறைப்பு அப்படியே காரின் தலைமேலும் ஏறிற்று. அக்காலத்து உயர்ந்த மறைப்புகள் தோலால் ஆனவை. நம் தென்புறத்துக் குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே, குரோமிய உப்பினால் தோலைப் பதப்படுத்திய குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்ததென்பதை, தினந்தோறும் அந்த ரயில் நிலையத்தில் இறங்கி ஏறுகிறவர்களிலும் பலர் அறியமாட்டார்கள். தோல் விலையேறியதும், அதன் ஸ்தானத்தில் ரெக்ஸின் வந்தது. அதுவும் ஆதியில் ஒரு வியாபாரப் பெயர்தான். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகேயுள்ள ஹைடு என்னும் ஊரில், பருத்தித் துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் கலவையைப் பூசித் தோலைப்போல் வரியழுத்தி விற்ற கம்பெனியின் பெயர். கம்பெனியின் பெயர் சரக்கின் பெயராகி, இன்று வினைல் பூசிய எந்தத் துணியும் நம்மூரில் ரெக்ஸின்தான்.

தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1961 முதல் அங்கிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்த கார். அதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு: தனிச் சேஸிஸின்மேல் உடலை வைத்து, அவ்வுடலின்மேல் கூரையைப் போல்ட்டுகளால் முடுக்கியிருந்தார்கள். வண்டியின் பலம் சேஸிஸில் இருந்தமையால் கூரையைக் கழற்றினாலும் வண்டி குலைவதில்லை. இங்கிலாந்தில் அதே உடலைத் திறந்த காராகவும் விற்றார்கள். நம் நாட்டிலும் பிற்காலத்தில் கூரையைக் கழற்றித் துணி ஹூடு போட்டுக்கொண்ட ஹெரால்டுகள் உண்டு. இதைக் கேட்டு, இக்காலத்துக் கார் எதன் கூரையையும் அறுத்துவிடலாம் என்று எவரும் துணியவேண்டாம். இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றில் கூரையும் எலும்புக்கூட்டின் ஒரு பாகம். அதை அறுப்பது முதுகெலும்பை அறுப்பதற்கு ஒப்பாகும். பதிவுப் புத்தகத்திலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. ஹூடோடு பிறந்த வண்டிக்குப் பழைய ஹூடைப் போலவே புதிது தைத்துப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை.

அப்படிப் பிறந்த வண்டிகள் நம் பக்கத்தில் குறைவென்றும் சொல்வதற்கில்லை. மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி, 2020-ல் புதிய வடிவெடுத்த தார் ஆகியவற்றோடு, தாம்பரம் ரயில் நிலையத்து வாசலில் வரிசையாக நிற்கும் ஆட்டோக்களையும் எண்ணினால், துணியின் நிழலில் பிரயாணம் செய்பவர்களின் தொகை காரில் போகிறவர்களின் தொகைக்கு இளைத்ததன்று.

சரக்கில் பிரதானமாக மூன்று ரகம். முதலாவது கான்வாஸ். நல்ல பருத்திக் கான்வாஸ் நனைந்ததும் அதன் நூல் ஊதி, இழைகளின் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் மழை பெய்யும்போது உள்ளிருந்து விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கும். இரண்டாவது ரெக்ஸின். நீரை அடியோடு தடுக்கும், விலையும் சகாயம். ஆயினும் அதன் வினைல் பூச்சை நெகிழ்வாக வைத்திருப்பதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பதார்த்தம் அக்கினி நட்சத்திர வெயிலில் சிறிது சிறிதாக வெளியேற, நாளடைவில் அது அப்பளம்போல் விறைத்து, மடிக்கிற இடத்தில் வெடிக்கிறது. மூன்றாவது, விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார்களில் காணும் மூன்றடுக்குத் துணி. மேலே செயற்கை இழை நெசவு, கீழே உள் துணி, இரண்டுக்கும் நடுவே நீரைத் தடுக்கும் ரப்பர் என்று அமைந்தது. வசதியுள்ளவர்களுக்கு அதுவே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

வண்டியைக் கொண்டுபோனபோது தையற்காரர் துணியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கம்பிச் சட்டத்தையே வெகுநேரம் சோதித்தார். வளைந்த சட்டத்தின்மேல் நேரான துணியைப் போர்த்தினால் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் குளம் கட்டும் என்பதால், சட்டத்தை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்த பிறகே அளவெடுத்தார். பழைய ஹூடின் துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டாலும், வெயிலில் சுருங்கிய துணி உண்மையான அளவைக் காட்டாதென்று, ஒவ்வொரு துண்டையும் சட்டத்தின்மேல் போட்டுச் சரிபார்த்தே வெட்டினார். பருத்தி நூல் சீக்கிரம் மக்கிவிடுமென்று கனத்த பாலியெஸ்டர் நூலை ஏற்றினார். ஒரு துண்டின் விளிம்பை மற்றொன்றின்மேல் மடித்து இரட்டைத் தையல் போட்டு, ஓட்டு வீட்டில் மேலோடு கீழோட்டின்மேல் படிவதுபோல் மடிப்பின் வாய் தாழ்வான பக்கத்தைப் பார்க்கும்படி அமைத்தார். கண்ணிகளுக்கு இரும்பு வேண்டாம், பித்தளையே போடவேண்டும் என்று வற்புறுத்தினார். பூட்டுகிற நாளன்று ஹூடை நடுப்பகல் வரை வெயிலில் காயப்போட்டு, அது இளகிய தருணத்தில் இழுத்துப் பூட்டினார். காலைக் குளிர்ச்சியில் பூட்டிய ரெக்ஸின் மத்தியானத்தில் தளர்ந்துவிடுமாம்.

பழைய ஹூடு கெட்டதற்குக் காரணம் நானேதான். ஒரு கார்த்திகை மாலையில் மழை விட்டதும், காற்று வாங்கிக்கொண்டு போகும் ஆசையில் ஈரத்தோடு அதை மடித்துக் கட்டிவிட்டு, பத்து நாள் கழித்துப் பிரித்தபோது உட்புறமெங்கும் கருப்பாகப் பூஞ்சை படர்ந்து, தையல் நூல் விரலால் இழுத்தாலே அறுந்தது. நனைந்த ஹூடை விரித்தபடியே உலரவிட்டுப் பிறகு மடிப்பது ஒன்றை மட்டும் கடைப்பிடித்திருந்தால் அது இன்னும் சில வருஷம் உழைத்திருக்கும். 2015 டிசம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழையைக் கண்ட ஊர் இது. இங்கே ஈரத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

மற்றவை சுலபமானவை. வேம்பின் அடியிலோ புங்கத்தின் அடியிலோ நிறுத்துவது வெயிலுக்கு நல்லது, காக்கை எச்சத்துக்கு ஆகாது. எச்சத்தை அன்றன்றே நீர் தெளித்து ஊறவைத்துக் கழுவவேண்டும். மென்மையான சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். சர்வீஸ் நிலையத்தின் வேகநீர்ப் பீச்சல் தையலைத் திறந்துவிடும். பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைப்பது ரெக்ஸினின் ஆயுளைக் குடிக்கும். பின்புறத்துக் கண்ணாடித் தாளை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. மடிக்கும்போது அதன்மேல் ஒரு பழைய துண்டை வைத்து மடித்தால் கீறல் விழாது. ஜிப் சிக்கினால் மெழுகுவர்த்தியை உரசினால் போதும். கிழிசலுக்கு ஒட்டுப் போடும்போது துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டவேண்டும். சதுரமாக விட்டால் முதலில் மூலைதான் பெயரும்.

ஹூடைப் பூட்டி முடித்ததும் கூலியைப் பெற்றுக்கொள்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவரோ பையனைக் கூப்பிட்டு, குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து தையல்களின்மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, தாம் ஜீப்பினுள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தையலாக அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். நான்காவது குடம் காலியான பிறகுதான் இறங்கினார்.