தமிழிலேயே தேடட்டும் பிள்ளைகள்

தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு மாணவி பழமொழிக் கதைப் புத்தகம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. கணினியோ இல்லை என்கிறது. தலைப்பை ரோமன் எழுத்தில் பதிந்ததன் வினை. ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே!

இதற்கு நல்ல வழி ‘கோஹா’. 2000ஆம் ஆண்டைத் தாங்காத பழைய கணினி முறைக்கு மாற்றாக, நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளை 1999இல் இந்த மென்பொருளை எழுதச் செய்து, மூலநிரலோடு உலகுக்கே கொடுத்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு.

உரிமக் கட்டணம் கிடையாது. நூற்பெயரைத் தமிழிலேயே பதியலாம், தேடலாம். ஆனால் நிறுவவும் பராமரிக்கவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜோகூர் கணினி இளைஞர்களே, நீங்கள் படித்த பள்ளிக்குச் சில சனிக்கிழமைகளை ஒதுக்குங்களேன். அதுவும் ஓர் அன்பளிப்புதான்.