டென்னஸி நதியும் அதன் அணைத்தொடரும்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், நாக்ஸ்வில் நகரத்துக்கருகே ஹோல்ஸ்டன், பிரெஞ்சு பிராட் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் தோன்றி, தெற்கே அலபாமா வரை இறங்கி, அங்கிருந்து வளைந்து வடக்கு நோக்கிச் சென்று, கெண்டக்கி ராஜ்யத்தில் ஒஹையோவோடு கலக்கும் டென்னஸி நதி 652 மைல் நீளமுள்ளது. ஏழு ராஜ்யங்களின் மழைநீரைத் திரட்டிவரும் அந்நதி, குளிர்காலத்தின் பிற்பகுதியில் பெருக்கெடுத்துச் சாட்டனூகா போன்ற கரையோர நகரங்களுக்குள் புகுவதும், கோடை முதிர்ந்ததும் படகு தரைதட்டும்படி இளைத்துவிடுவதுமாக இருந்தது. காடழிந்த சரிவுகளில் மேல்மண் கரைந்து ஆற்றோடு போக, விவசாயிகள் வறுமையில் ஆழ்ந்தார்கள்.

முதல் உலக யுத்தத்தின்போது, வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் செய்வதற்கு மின்சாரம் பெறும் பொருட்டு, மசில் ஷோல்ஸ் என்னுமிடத்தில் அரசாங்கம் 1918-ல் வில்சன் அணையைத் தொடங்கிற்று; அது 1924-ல் முடிந்தபோது யுத்தமே முடிந்து ஆறு வருஷங்களாகியிருந்தன. மோட்டார் அதிபர் ஹென்றி போர்டு முதலானோர் அதனை வாங்க முன்வந்த சமயத்தில், அந்த நதியோடு யாதொரு சம்பந்தமுமில்லாத நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ், அது பொதுச் சொத்தாகவே இருக்கவேண்டுமென்று பத்தாண்டுக் காலம் பிடிவாதமாக நின்றார். அவருடைய மசோதாக்களை கூலிட்ஜ், ஹூவர் என்னும் இரண்டு ஜனாதிபதிகள் அடுத்தடுத்து நிராகரித்தனர். மூன்றாமவரான ரூஸ்வெல்ட் 1933 மே 18-ஆம் தேதி கையெழுத்திட, டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது.

ஒரே நீர்த்தேக்கத்திடம் ஒன்றுக்கொன்று விரோதமான காரியங்களை எதிர்பார்க்கும்போது உண்டாகும் சிக்கலை இங்கே சற்று நின்று கவனிக்கவேண்டும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் தேக்கம் காலியாக இருக்கவேண்டும், வரப்போகும் ஜலத்துக்கு அதில் இடம் வேண்டுமல்லவா? மின்சாரத்துக்கோ அது நிறைந்திருக்கவேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து நீர் இறங்குகிறதோ அவ்வளவுக்கு யந்திரச் சக்கரத்தைச் சுழற்றும் சக்தி மிகுகிறது. படகுகளுக்கு ஏற்றமும் இறக்கமும் அதிகமில்லாத ஆழம் வேண்டும். ஆணையம் இந்தப் பிணக்கைப் பருவங்களின் துணைகொண்டே தீர்த்தது. கிளை நதிகளில் மலைகளுக்கிடையே உயர்ந்த அணைகளைக் கட்டி, ஜனவரி பிறப்பதற்குள் அவற்றின் நீரைப் பெரும்பாலும் மின் யந்திரங்களின் வழியாகவே இறக்கி, பெருமழைக்காக இடம் ஒழித்து வைத்து, மழை மாதங்கள் கடந்தபின் ஏப்ரல் முதல் மெல்ல நிரப்பி, அந்த நீரையே கோடையிலும் இலையுதிர்காலத்திலும் மின்சாரமாகவும் கீழே படகோட்டமாகவும் செலவிடுவது என்பது அதன் வருஷாந்தர முறை. கிளிஞ்ச் ஆற்றில் 1936-ல் முடிந்த 265 அடி உயரமுள்ள நாரிஸ் அணை இவற்றில் முதலாவது. பெருநதியிலோ ஒன்பது தாழ்ந்த அணைகள் படிக்கட்டுபோல் அமைந்து, நாக்ஸ்வில் முதல் சங்கமம் வரை 9 அடி ஆழமுள்ள நீர்வழியைத் தந்தன.

இவற்றோடு மலேரியாவும் ஒரு கேள்வியாக எழுந்தது. பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் மூன்றில் ஒருவரை அந்த ஜுரம் பீடித்திருந்ததால், நீரைத் தேக்கினால் கொசுவும் பெருகுமே என்ற அச்சம் நியாயமானதே. அனாபிலிஸ் கொசுவின் புழுக்கள் கரையோரப் புல்லிலும் மிதக்கும் குப்பையிலும் ஒதுங்கி வாழ்பவை. ஆகவே கொசு வளரும் மாதங்களில் நீர்மட்டத்தை வாரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய ஓர் அடி தாழ்த்தி உயர்த்தினார்கள். நீர் விலகியதும் புழுக்கள் கரையிலே தங்கி மடிந்தன, அல்லது மறைவின்றி மீன்களுக்கு இரையாயின. அணையின் மதகையே மருந்தாக்கிய இந்த உபாயம், என் எண்ணத்தில், ஆணையத்தின் காரியங்கள் யாவற்றிலும் நேர்த்தியானது.

1933-ல் அந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைகளில் நூற்றுக்கு மூன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. விலையைக் குறைத்தால் உபயோகம் பெருகும், உபயோகம் பெருகினால் உற்பத்திச் செலவும் குறையும் என்று வாதித்த ஆணைய இயக்குநர் டேவிட் லிலியெந்தால், வீடுகளுக்கு முதல் 50 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 3 சென்ட் என்று விகிதம் வகுத்தார். 1934-ல் மிசிசிப்பியின் டுபலோ நகரம் முதன்முதலாக இந்த மின்சாரத்தைப் பெற்றது. கிராமங்களில் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கம்பி இழுத்தார்கள்.

இந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. நாரிஸ் தேக்கத்துக்காக மட்டும் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. நிலத்தின் சொந்தக்காரர்களுக்குக் கிரயம் கிடைத்தது, குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்களுக்கோ அது கிடைக்கவில்லை. அவர்களுடைய கணக்கு எந்த அறிக்கையிலும் நேராகவில்லை என்றே நான் கருதுகிறேன். மின்சாரத் தேவையோ மேலும் வளர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அலுமினியத் தொழிலும் ஓக் ரிட்ஜின் அணு ஆலைகளும் மின்சாரத்தை விழுங்கவே, நதியின் சக்தி போதாமல், 1950-களின் நடுவில் நிலக்கரி நிலையங்களே உற்பத்தியில் முந்திக்கொண்டன.

டென்னஸியின் முன்மாதிரி இந்தியாவையும் எட்டிற்று. 1943-ல் தாமோதர் நதி வங்காளத்தில் விளைவித்த வெள்ளத்துக்குப் பின், இந்த ஆணையத்தின் பொறியியலாளரான வூர்டுயின் இந்தியாவுக்கு வந்து எட்டு அணைகளுக்குத் திட்டம் வகுத்தார்; 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் அமைந்தது. முதற்கட்டத்தில் எழுந்தவை திலையா, கோனார், மைதன், பாஞ்சேத் ஆகிய நான்கு மட்டுமே. பிந்திய இரண்டின் விளிம்பிலும் வேண்டிய நிலம் முழுவதும் கையகப்படாமையால், மின்சாரமும் பாசனமும் நடைபெற்றபோதிலும், வெள்ளத்துக்கென்று ஒழித்து வைக்கவேண்டிய இடம் வூர்டுயின் கணக்கிட்ட அளவைவிட வெகுவாகக் குறைந்து நின்றது.