சாரணியரும் தேசியப் பெருந்திரளணியும்



'ஜாம்போரி' என்னும் சொல்லை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். பல ஊர்ச் சாரணரும் சாரணியரும் ஓரிடத்தில் கூடி, கூடாரமிட்டுச் சில நாள் வாழும் பெருங்கூட்டத்திற்கு அது பெயர். தமிழில் பெருந்திரளணி என்கிறோம். இதில் பெண்மக்கள் இடம் பெற்றது எவ்வாறு, அங்கே அவர்கள் பெறும் பயன் யாது என்பதை இன்று காண்போம்.

1909-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடைபெற்றது. சிறுமியர் சிலர் அழைப்பின்றியே அங்கு வந்து, தாங்களும் சாரணரே என்றனர். அவர்களது ஆர்வத்தைப் புறக்கணிக்க இயலவில்லை. மறு ஆண்டிலேயே பேடன் பவல் பெருமகனாரின் தங்கை ஆக்னஸ் அம்மையார் தலைமையில் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. 1911-இல் அது நம் நாட்டில் ஜபல்பூரில் கால்கொண்டது. 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரண இயக்கம் அமைந்தது; 1951 ஆகஸ்டு 15-ஆம் நாள் சாரணியர் சங்கமும் அதனோடு இணைந்தது. 1953-இல் ஐதராபாத்தில் முதல் தேசியப் பெருந்திரளணி கூடிற்று. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை, எங்கள் அரியலூர் மாவட்டத்திற்கு அண்மையிலுள்ள மணப்பாறையிலேயே வைர விழாப் பெருந்திரளணி நடைபெற்றது.

அங்கே என்ன செய்வார்கள்? ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி; அதற்கு அவர்களுள் ஒருத்தியே தலைவி. கழிகளைக் கயிற்றால் பிணைத்து முகப்பு வாயில் அமைப்பார்கள், அணிவகுப்பில் நடப்பார்கள், தத்தம் மாநிலத்து ஆடலையும் உணவையும் பிறர்க்குக் காட்டுவார்கள். மொழி தெரியாத தோழியுடன் சைகையாலும் சிரிப்பாலும் பேசப் பழகுவார்கள்.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பெற்றோரிடம் இசைவு கேட்கச் சென்றபோதெல்லாம், ஆலத்தியூர்ப் பக்கத்தில் நான் கேட்ட வினாக்கள் இரண்டு. "பெண் பிள்ளையை ஒரு வாரம் வெளியூரில் எப்படி விடுவது, ஐயா?" என்பது ஒன்று. அது நியாயமான அச்சம். தலைவியாசிரியை உடன் செல்வதையும், சாரணியர் தனியே தங்குவதையும், அணியை விட்டு எவரும் தனித்துச் செல்லாத ஒழுங்கையும் எடுத்துரைத்தால் அது பெரும்பாலும் தணியும். "சமைக்கவும் பாத்திரம் கழுவவும் அவ்வளவு தூரம் போகவேண்டுமா? அதை வீட்டிலேயே செய்கிறாளே" என்பது மற்றொன்று.

இரண்டாவது வினாவே ஆழமானது. வீட்டில் அந்த வேலை, பெண்ணாகப் பிறந்ததால் அவள்மீது விழுவது. முகாமிலோ அது முறைவைத்து வருவது. இன்று சமைத்தவள் நாளை கொடி ஏற்றுவாள். தலைவியும் தன் முறையில் பாத்திரம் துலக்குவாள். அதே முகாமில் ஆண்பிள்ளையும் தன் அணிக்குரிய அடுப்பை மூட்டுகிறான். உழைப்பு எவர்க்கும் இழிவன்று, எவர் ஒருவர்க்கும் விதியுமன்று என்பதை ஒரு வாரத்தில் உடலே கற்றுக்கொள்கிறது. இப்பாடத்தை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்க முடியாது.

பயணச் செலவுக்கு வழியில்லாமல் தகுதியுள்ள பெண் பின்தங்குவதும் உண்டு. அவளுக்காகப் பள்ளியும் ஊரும் சிறு தொகை திரட்டுதல் கடமையாகும். மாணவியரே, வாய்ப்பு வரும்போது துணிந்து கேளுங்கள். மாணவர்களே, உங்கள் தங்கை புறப்படும் வாரத்தில் வீட்டு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாரணத் தொண்டு அங்கேயே தொடங்கிவிடும்.