தீவைக் கட்டிய உயிர்கள்



சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கோதண்டராமர் கோயில் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலிருந்து திரும்பிய ராமர், ஊர் போய்ச் சேருமுன் இங்கே தங்கினார், பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி தந்தார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையில் வரும் கடல் நம் ஊரிலிருந்து சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ராமேஸ்வரம் போனவர்கள் பாம்பன் பாலத்தின் மேலிருந்து அதைப் பார்த்திருப்பீர்கள். பாலத்துக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. பெரும்பாலானவர்கள் ரயிலைப் பார்ப்பார்கள், அலையைப் பார்ப்பார்கள், வந்துவிடுவார்கள். அடுத்த முறை போனால் தெற்குப் பக்கம் பாருங்கள். அந்தக் கடலில்தான் நான் சொல்லப்போகும் தீவுகள் இருக்கின்றன.

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை, கரையை ஒட்டினாற்போல 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பெரும்பாலானவை கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முசல், தலையாரி, வாலிமுனை, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான் என்று ஒவ்வொன்றுக்கும் மீனவர்கள் வைத்த பெயர் உண்டு. இவற்றில் பெரியது முசல் தீவு. அதன் பரப்பே சுமார் 130 எக்டேர்தான். எந்தத் தீவிலும் ஊர் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. 1986-இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை அரசு கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் இன்னும் பெரிய பரப்பை, 10,500 சதுர கிலோமீட்டரை, உயிர்க்கோளக் காப்பகமாக ஆக்கினார்கள்.

ஆளே இல்லாத இடத்தை எதற்குப் பாதுகாக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் சொல்ல, இந்தத் தீவுகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் சேர்வராயன் மலை பாறையால் ஆனது. பூமிக்குள் நடந்த மாற்றங்களால் வந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் அப்படிப்பட்டவை அல்ல. இவற்றில் குவிந்திருக்கும் மணலிலும் கற்களிலும் பெரும்பகுதி, உயிர்கள் உண்டாக்கியவை. அந்த உயிரின் பெயர் பவளம். ஒரு பவள உயிரி சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மெத்தென்ற உடல், ஒரு வாய், வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன உணர்விழைகள். அவ்வளவுதான். ஆனால் அது கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்துத் தன் அடியில் கல்லாகக் கட்டுகிறது. சங்ககிரிப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அதில் இருக்கும் கால்சியம் கார்பனேட்தான் இதிலும் இருக்கிறது. ஒரு உயிரி பிரிந்து இரண்டாகும், இரண்டு நான்காகும். ஆயிரக்கணக்கானவை ஒட்டிக்கொண்டு ஒரே கூட்டமாக வாழும். பழையவை மடிய, அவை விட்டுப்போன கல்லின் மேல் புதியவை கட்டும். இப்படித்தான் பவளப்பாறை வளர்கிறது. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைப் பவளங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

வளரும் வேகம் எவ்வளவு தெரியுமா? உருண்டையாக வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் வகைகள் பத்து சென்டிமீட்டர் வரை வளரலாம். உங்கள் முழங்கால் உயரத்துக்கு ஒரு உருண்டைப் பவளம் இருந்தால், அதற்கு ஏறத்தாழ உங்கள் அப்பாவின் வயது இருக்கும்.

இந்தப் பவளப்பாறையைத் தின்னும் மீன்கள் உண்டு. கிளிமீன் என்று பெயர். கிளியின் அலகு மாதிரியே அதற்கு உறுதியான பற்கள். பாறையைச் சுரண்டி, அதில் படிந்திருக்கும் பாசியைச் சாப்பிடும். கூடவே வயிற்றுக்குள் போன கல்லை அரைத்து, வெள்ளை மணலாக வெளியே தள்ளும். பவளத் தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு மீனின் வயிற்றுக்குள் போய் வந்தது! அலை உடைத்த பவளத் துண்டுகள், சிப்பி ஓடுகள், இந்த மணல் எல்லாம் பாறையின் மேல் ஒதுங்கிக் குவியும். அதில் ஒரு விதை முளைக்கும், வேர் மணலைப் பிடிக்கும். மெல்ல மெல்ல அது தீவாகும்.

கட்டிய தீவைக் காப்பதும் அதே பவளப்பாறைதான். ஆத்தூர் சாலையில் வேகமாக வரும் லாரி, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எப்படி அடங்கிவிடுகிறது! ஆழ்கடலிலிருந்து வரும் அலைக்குப் பவளப்பாறை அப்படி ஒரு வேகத்தடை. உலகின் பல கடல்களில் செய்த அளவீடுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைத்துவிடுகின்றன என்று காட்டியது. அலை அடங்கினால் தீவின் மணல் தங்கும். தீவு தங்கினால் அதன் பின்னால் இருக்கும் கரைக்கும், கரையோர ஊர்களுக்கும் காவல்.

இப்போது ஒரு வருத்தமான செய்தி. 21 தீவுகள் என்றேன் அல்லவா? அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன. வரைபடத்தில் பெயர் இருக்கிறது, தீவு இல்லை.

காரணம் என்ன? பல பத்தாண்டுகளாக மனிதர்கள் கடலுக்குள் இறங்கிப் பவளக்கற்களைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கு, தொழிற்சாலைக்கு, வீடு கட்ட, சாலை போட என்று விற்றார்கள். நூறு ஆண்டில் வளர்ந்ததைப் பெயர்க்க அரை மணி நேரம் போதும். தடுப்பு போனதும் அலை நேராகத் தீவில் மோதி மணலை அள்ளிக்கொண்டு போனது. 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அதாவது, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அதன் பிறகும் 2005 வாக்கில்தான் கல்லெடுப்பது நின்றது.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் மறைந்துபோகும் நிலைக்கு வந்தது. 1986-இல் அது 16 எக்டேர். 2014-இல் ஏறத்தாழ 2 எக்டேர்தான் மிச்சம். அப்போது தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை ஐஐடியும், தமிழ்நாடு அரசும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஓட்டைகள் விட்டு வார்த்த கான்கிரீட் கட்டைகளைச் செய்து, 2015-இலிருந்து தீவின் கடல்பக்கம் வரிசையாக இறக்கினார்கள். ஏன் ஓட்டை? முழுச் சுவராக இருந்தால் அலை மோதித் திரும்பி, அடிமணலையும் பறித்துக்கொண்டு போகும். ஓட்டை வழியே தண்ணீர் போய் வரும்போது அலையின் வேகம் மட்டும் குறையும்; மீன்களுக்கு ஒளிய இடமும் கிடைக்கும். இயற்கைப் பவளப்பாறை செய்ததையே இந்தக் கட்டைகள் செய்தன. வான் தீவின் கரையில் மறுபடி மணல் சேர்ந்தது. கட்டைகளின் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர ஆரம்பித்தன. இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்ததாகக் காரைச்சல்லித் தீவுக்கும் இதே வைத்தியம் தேவைப்படுகிறது. 1969-இல் 20 எக்டேருக்கு மேல் இருந்த தீவு அது. இப்போது 3 எக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சரி, ஆளில்லாத இந்தத் தீவுகளில் யார்தான் இருக்கிறார்கள்?

தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத தண்ணீரில் கடல்புல் வளர்கிறது. பாசி அல்ல; வேர், இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான தாவரம். அதை மேய வருவது கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 400 கிலோ வரை எடை வரும். ஒரு நாளைக்கு 40 கிலோ புல் வரை தின்னும். 70 ஆண்டுகள் வரை வாழும். ஆனால் தாய் ஒரு நேரத்தில் ஒரே குட்டிதான் ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கடினம். இது மீன் அல்ல, நம்மைப் போல் மூச்சு விடும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்று வாங்க வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவேதான் வலையை அறுத்தாவது ஆவுளியாவைக் கடலில் விடும் மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டிப் பரிசு கொடுக்கிறது. தன் பிழைப்புக்கான வலையை ஒரு விலங்குக்காக அறுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல்.

குளிர்காலத்தில் இந்தத் தீவுகளின் கரைகளுக்குக் கொசு உள்ளான் வரும். இருபது முப்பது கிராம் எடையுள்ள சிறு பறவை. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, சேற்றில் புழு பொறுக்கி, திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்க்கிறது. நாம் கைதட்டி ஓடினால் கூட்டமே எழும்பிப் பறக்கும். நமக்கு அது வேடிக்கை. அந்தப் பறவைக்கோ, பயணத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகிறது.

குருசடைத் தீவின் மணலுக்குள் ஒரு விசித்திரமான புழு புதைந்து வாழ்கிறது. பலனோகுளோசஸ் என்று அதைச் சொல்வார்கள். முதுகெலும்பு உள்ள விலங்குகளுக்கும் இல்லாதவற்றுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள உதவும் உயிர். சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே குருசடைக் கரையின் உயிரினங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது. அந்த அளவுக்கு விலங்கியல் படிப்பவர்களின் கவனத்தை ஈர்த்த தீவு அது.

இவ்வளவும் இருக்கும் இடத்துக்குப் போகும்போது நாம் எதைக் கொண்டுபோகிறோம் என்பதும் முக்கியம். ஐஸ்லாந்து நாட்டுக்குப் பக்கத்தில் 1963-இல் எரிமலை வெடித்துக் கடலுக்குள்ளிருந்து ஒரு புதிய தீவு எழுந்தது. பெயர் சர்ட்சி. வெறும் பாறையில் உயிர்கள் எப்படி வந்து குடியேறுகின்றன என்று பார்ப்பதற்காக, விஞ்ஞானிகளைத் தவிர வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அப்படியும் ஒருநாள் அங்கே ஒரு தக்காளிச் செடி முளைத்திருந்தது! எப்படி வந்தது தெரியுமா? தீவுக்கு வந்த யாரோ ஒருவர் மலம் கழித்திருக்கிறார். அவர் தின்ற தக்காளியின் விதை அதிலிருந்து முளைத்துவிட்டது. உடனே பிடுங்கி எறிந்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் பிடுங்கி எறிவது அவ்வளவு சுலபமாக இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலைச் சேர்ந்த கப்பாபைகஸ் என்ற பாசியைத் தொழிலுக்காக இந்தக் கடலோரத்தில் வளர்த்தார்கள். அது தப்பிப் பரவி, குருசடையைச் சுற்றியுள்ள உயிருள்ள பவளங்களின் மேல் போர்வையாகப் படர்ந்துவிட்டது. வெளிச்சம் இல்லாமல் பவளம் சாகும். ஏனென்றால் பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவைதான் வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்குப் பங்கு தருகின்றன; நிறமும் தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் இப்படி வெளுத்தன. நிறைய செத்தும் போயின.

கடலே இல்லாத சேலத்தில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்று கைகட்ட வேண்டாம். சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காவிரி கடலில் சேர்கிறது. ஓடையில் நாம் வீசும் பாலிதீன் பைக்கும் அதே வழிதான். மிதக்கும் பையைக் கடலாமை ஜெல்லிமீன் என்று நினைத்து விழுங்குகிறது.

ராமேஸ்வரம் போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தீவுகளுக்குள் அனுமதியில்லாமல் போவது சட்டப்படி குற்றம். யாராவது தனிப் படகில் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வனத்துறை நடத்தும் படகில் போங்கள். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்; நீங்கள் மிதிப்பது உயிருள்ள விலங்கை. தின்ற பழத்தின் கொட்டையைக்கூடப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். யாராவது உங்களிடம் பவளக்கல்லோ உலர்ந்த கடல்குதிரையோ விலை சொன்னால் வாங்காதீர்கள். இரண்டையும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பக்கத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.