பாடகரின் வெண்ணிறக் கார்

பழைய பொருளொன்றைப் பழுதுபார்ப்பது ஒரு வேலை; அதனைப் பழைய கோலத்துக்கே மீட்பது வேறொரு வேலை. பாட்டனார் காலத்து அலுமாரிக்குத் தலைமுறைக்கொரு வர்ணம் பூசிய வீடுகளில், உள்ளிருப்பது முதிரையா வேம்பா என்பதே மறந்து போகின்றது. சுரண்டத் தொடங்கிய பின்னர்தான், எந்தப் பூச்சோடு நிறுத்துவது என்ற கேள்வி பிறக்கின்றது. இதே கேள்வி புகழ்பெற்ற கார் ஒன்றைக் குறித்தும் எழுந்தது. அக்கதையை இன்று வாசகர்க்குக் கூற விரும்புகிறோம்.

ஜேர்மனியின் மியூனிச் நகரிலுள்ள பீ. எம். டபிள்யூ. நிறுவனம், 1950களின் பிற்பகுதியில் ‘507’ என்னும் இருவர் அமரும் பந்தயச் சாயற் காரைச் செய்தது. கோர்ட்ஸ் பிரபு வடிவமைத்த அலுமினிய உடல். எட்டு உருளைகளைக் கொண்ட 3.2 லீற்றர் இயந்திரம், 150 குதிரைவலு. விலை மிகுதியாயிருந்தமையால் சுமார் 250 கார்களே வெளிவந்தன. அவற்றுள் 1957இல் வெண்ணிறத்தோடு பிறந்த ஒன்றை ஹான்ஸ் ஸ்டுக் என்னும் வீரர் மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டினார். 1958 டிசெம்பரில், அமெரிக்கப் படைவீரராக ஜேர்மனியில் தங்கியிருந்த பாடகர் எல்விஸ் பிறெஸ்லியிடம் அது வந்து சேர்ந்தது. இரசிகைகள் அதன் வெள்ளை மேனியில் உதட்டுச் சாயத்தால் காதற் செய்திகளை எழுதி வைக்க, சலிப்புற்ற பாடகர் காருக்குச் சிவப்பு வர்ணம் பூசுவித்தார் என்பர்.

பின்னர் கார் அமெரிக்கா சென்று கைமாறியது. புதிய உரிமையாளர் வேகத்தை நாடி, அதன் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுச் செவ்ரலே இயந்திரமொன்றைப் பூட்டினார். கியர்ப் பெட்டியும் பின் அச்சும் மாறின. புதிய இயந்திரம் அமர்வதற்காக முன்சட்டமும் வெட்டப்பட்டது. அவரைக் குறைகூறுவதற்கில்லை. அன்று அஃது அரும்பொருளன்று; ஒரு பழைய கார், அவ்வளவே.

1968இல் அதனை வாங்கிய பொறியியலாளர் ஒருவர், என்றேனும் ஒருநாள் சீர்செய்வோம் என்ற எண்ணத்தோடு உதிரிப்பாகங்களைச் சேர்த்து வந்தார். ஆண்டுகள் ஓடின. கலிபோர்ணியாவில் பூசணிக்காய் வைக்கும் களஞ்சியமொன்றில் கார் தூசி படிந்து உறங்கியது. அது பிறெஸ்லியின் கார்தான் என்பது, எண்ணையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே உறுதியாயிற்று. 2014இல் அது பிறந்த ஊருக்கே கப்பலேறியது.

மியூனிச் கைவினைஞர்க்கு முன்னால் நின்றது இயந்திரமற்ற கூடு. அவர்கள் அலுமினிய உடலை அடிச்சட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, பழைய வர்ணத்தை இரசாயனக் கரைசலில் தோய்த்து நீக்கினர். அதே வகைக்குரிய உதிரிப்பாகங்களைக் கொண்டு இயந்திரத்தை உருவாக்கினர். தோல் இருக்கைகளைத் தைப்பதற்குப் பழைய புகைப்படங்கள் துணைநின்றன. எங்கும் கிடையாத கண்ணாடி சுழற்றும் கைப்பிடிகளையோ, இக்காலத்து முப்பரிமாண அச்சு முறையால் வார்த்தனர். மீட்கக் கூடியதை மீட்பது, இயலாததை மட்டும் புதிதாகச் செய்வது என்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி.

ஆயினும் எந்த நிறத்தைப் பூசுவது? சிவப்பும் பொய்யன்று, பலரும் பேசும் கதை அச்சிவப்பிலேதான் இருக்கிறது. முடிவில் அவர்கள் தெரிந்தெடுத்தது, பாடகரின் கையில் திறவுகோல் வந்த நாளின் வெண்மை. ஒரு பொருளுக்குப் பல பழமைகள் உண்டு. அதனை மீட்பவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை விட்டுவிடவே வேண்டும். ஆதலால் விடப்பட்டவற்றைப் படமாகவும் எழுத்தாகவும் பேணுவதும் அவர் கடமையென்றே கருதுகிறோம். கழற்றிய ஆணியையும் எறியாது வைக்கும் நம் வீட்டு முதியோரை இனி நகையாடாதிருப்போம். பின்னொருநாள் அவ்வாணியே சான்றாகலாம்.

ஏறக்குறைய இரண்டாண்டு உழைப்பின் பின், 2016 ஓகஸ்டில், கலிபோர்ணியாவின் பெபிள் பீச்சில் நடைபெற்ற பழங்கார்க் காட்சியில் அந்த வெண்ணிறக் கார் மீண்டும் உலகின் முன் நின்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் காத்த பொறியியலாளர் அதைக் காணவில்லை; 2014 நவம்பரில் அவர் காலமாகிவிட்டார். காரைப் பாடகரின் பெயரால் உலகம் அழைக்கிறது. அது நமக்கு எஞ்சியதோ, பூசணிக்காய்களுக்கிடையே அதனை விற்காமலும் எறியாமலும் வைத்திருந்த அம்மனிதரின் பொறுமையால்.