மலைக்கு நாய் வரலாமா? தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து ஒரு கேள்வி

வேலைத்தளத்துக்கு வளர்ப்பு நாயைக் கூட்டிவரலாமா என்ற கேள்வி மேற்கு நாடுகளில் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1999 முதல் ஆண்டுக்கொரு நாள் ‘நாயை வேலைக்கு அழைத்துவரும் நாள்’ கொண்டாடப்படுகிறது. சியாட்டிலில் உள்ள அமேசன் தலைமையகத்தில் ஊழியர்கள் நாய்களோடு வந்துபோகிறார்கள். வட கரோலினாவில் பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேர்ஜினியா கொமன்வெல்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். நாயைக் கூடவே வைத்திருந்த ஊழியர்களின் மன அழுத்தம் பகல் போகப்போகக் குறைந்தது, நாய் இல்லாதவர்களுக்குக் கூடியது என்பது அதன் முடிவு. நாய் வைத்திருப்பவர்களுக்குக்கூட, அதை வீட்டில் விட்டுவிட்டு வந்த நாட்களில் அழுத்தம் ஏறியது.

இதை வாசிக்கும்போது எனக்குத் தலவாக்கலைத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே இந்தக் கேள்வியை யாரும் இந்த வடிவத்தில் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் கேள்வி எழத்தான் செய்கிறது. பிரட்டுக்களத்துக்குப் போகும் பெண்ணின் பின்னால் லயத்து நாயும் இறங்குகிறது. அவள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது அது கானோரம் படுத்திருக்கிறது. சில கங்காணிமார் கண்டும் காணாமல் விடுகிறார்கள். சிலர் கல்லெடுக்கிறார்கள். ‘தோட்டத்துக்குள் நாய் கூடாது’ என்று துரை சொல்லிவிட்டால், அந்தக் கட்டளை மலையோடு நிற்பதில்லை, லயத்துக்குள்ளும் வருகிறது.

கொழும்பு அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு வீடு வேறு, வேலைத்தளம் வேறு. நாயை வீட்டில் விட்டுவிட்டு வரலாம். தோட்டத்தில் லயம் நிற்கும் நிலமும், கொழுந்து பறிக்கும் நிலமும், இரண்டுக்கும் நடுவே போகும் பாதையும் ஒரே நிர்வாகத்தின் கையில். சம்பளம் கொடுப்பவரே வீட்டையும் நிர்வகிப்பவர். அதனால் இங்கே நாயைப் பற்றிய கேள்வி, ஒரு தொழிலாளி தன் வாசலில் எதை வளர்க்கலாம் என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வியாகவும் இருக்கிறது.

எதற்காக வளர்க்கிறார்கள்?

லயத்து நாயைச் செல்லப்பிராணி என்று மட்டும் சொல்ல முடியாது. பகல் முழுவதும் ஆட்கள் மலையில் இருக்கும்போது வீட்டுக்குக் காவல் அதுதான். லயத்துக்குப் பின்னால் போட்டிருக்கும் மரக்கறித் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வந்தால் முதலில் குரைப்பதும் அதுதான். இரவில் வெளியே உள்ள கழிவறைக்குப் போகும் பிள்ளைக்கு அது துணை. மக்கள் எல்லாரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பென்சன் எடுத்த தாத்தாவுக்கும் அம்மாயிக்கும் பேச்சுத்துணையும் சில நேரம் அது மட்டும்தான்.

மலையிலும் அதற்கு ஒரு பயன் இருப்பதாகத் தொழிலாளர் நம்புகிறார்கள். தேயிலைச் செடிக்கு அடியில் பாம்போ பன்றியோ இருந்தால் நாய் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இடுப்பளவு செடிக்குள் கண்ணைக் கொழுந்திலேயே வைத்து நிற்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமல்ல.

தோட்டத்தில் நாய்களுக்குள்ளும் தரம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே பங்களா நாய் தோட்ட வாழ்க்கையின் ஒரு பகுதி. அது துரையோடு மலை சுற்றும்போது யாரும் விதி பேசியதில்லை. லயத்து நாய் அதே பாதையில் வந்தால் அது ‘தெருநாய்’. ஆகவே வேலைத்தளத்துக்கு நாய் வரலாமா என்பது இங்கே புதிய கேள்வியல்ல. யாருடைய நாய் வரலாம் என்பதுதான் பழைய கேள்வி.

எங்கே கூடவே கூடாது?

இப்படிச் சொல்வதால் எல்லா இடத்துக்கும் நாயை விடலாம் என்று ஆகாது. தேயிலை ஒரு உணவுப்பொருள். உலக அளவில் பின்பற்றப்படும் கோடெக்ஸ் உணவுச் சுகாதாரக் கோட்பாடுகள், உணவு பதப்படுத்தும் தொழிற்சாலை வளவுக்குள் இயன்றவரை மிருகங்களை விடக்கூடாது என்று சொல்கின்றன. கொழுந்து வாடப்போடும் தட்டிலோ, தூள் சலிக்கும் இடத்திலோ ஒரு நாய் மயிர் விழுந்தால் நட்டம் தோட்டம் முழுவதற்கும்தான். ஸ்டோருக்குள்ளும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள்ளும் நாய் வரக்கூடாது என்பதில் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேற்றுமை இருக்க நியாயமில்லை.

பிள்ளைக்காம்பராவும் அப்படித்தான். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சின்னப்பிள்ளை வாலை இழுத்தால் என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மலையிலும் ஆபத்து உண்டு. தோட்டங்களில் குளவிக்கொட்டு அடிக்கடி உயிர் குடிக்கிறது. செடிக்குள் ஓடும் நாய் கூட்டைக் கலைத்துவிட்டால் கொட்டுவாங்குவது நிரையில் நிற்கும் அத்தனை பேரும்தான். நாய்க்குப் பயந்தவர்களும் அந்த நிரையில் இருக்கிறார்கள். சின்ன வயதில் கடிபட்ட ஒருத்திக்கு, பக்கத்து நிரைக்காரியின் நாய் துணையாகத் தெரியாது.

சிறுத்தை என்ற அயலார்

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேயிலைக்கு நடுவே விடப்பட்டிருக்கும் காட்டுத் துண்டுகளிலும் ஓடைக்கரைகளிலும் சிறுத்தைகள் வாழ்கின்றன. அவற்றின் இரையில் நாயும் ஒன்று. லயத்து வாசலில் கட்டியிருந்த நாய் விடியும்போது இல்லை என்ற கதை தோட்டங்களில் சாதாரணம்.

நாய் சிறுத்தையைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மை, நாயைத் தேடித்தான் சிறுத்தை லயத்துக்கு வருகிறது என்பதும் உண்மை. பகலில் செடிக்குள் படுத்திருக்கும் சிறுத்தையை ஒரு நாய் போய்க் குரைத்துக் கிளப்பிவிட்டால், அது பாய்வது நாயின்மேல் மட்டும் என்று சொல்ல முடியாது.

பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப்பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படியான சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் இறந்துபோனது. அதே சுருக்குகளில் லயத்து நாய்களும் மாட்டுகின்றன. பன்றியை விரட்ட நாய் இருக்கும் வீட்டுக்குச் சுருக்குத் தேவை குறைவு. ஆனால் அவிழ்த்துவிட்ட நாய்கள் பெருகினால் சிறுத்தை நெருங்கி வரும். ஆகவே நாயே வேண்டாம் என்பதும் சரியான பதிலல்ல, எத்தனை நாயும் இருக்கட்டும் என்பதும் சரியல்ல.

விசர்நாய்க்கடியும் ஊசியும்

எல்லாவற்றிலும் பெரிய பயம் விசர்நாய்க்கடி நோய். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள், பெரும்பாலும் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும். மனிதருக்கு வரும் தொற்றில் 99 வீதம் வரை நாய் வழியாக வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயும் இதுதான். ஓர் இடத்திலுள்ள நாய்களில் 70 வீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. விசர்நாய்க்கடிக் கட்டளைச்சட்டம் 1893ஆம் ஆண்டையது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் 1901ஆம் ஆண்டையது. பதிவு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சி சபைகளுடையது. 2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்தி, ஊசியையும் கருத்தடையையும் வழியாக எடுத்துக்கொண்டது.

சிக்கல் தோட்டத்தின் எல்லையில் தொடங்குகிறது. தலவாக்கலை நகரத்துக்கு நகரசபை இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்கள் பெரும்பாலும் பிரதேச சபைகளின் எல்லைக்குள் வருகின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் தன் நிதியைச் செலவழித்துச் சேவை செய்வதில் பிரதேச சபைக்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டார்கள், ஆனால் அந்தச் சபையின் பாதையோ விளக்கோ லயத்துக்கு வரவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பது வருடங்களாக எல்லைக்கு வெளியே வைக்கப்பட்ட மக்களிடம் போய், ‘உங்கள் நாய்களை ஏன் பதியவில்லை’ என்று கேட்பது நியாயமா?

கடிபட்டால் செய்ய வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் போடக்கூடாது. அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். அரைநாள் பேர் போய்விடும் என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. நோய் வெளிப்பட வழக்கமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அதற்குள் காயம் ஆறிப் பயமும் மறந்துபோயிருக்கும்.

கடித்தால் யார் பொறுப்பு?

மலையில் ஒருத்தியின் நாய் இன்னொருத்தியைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வளர்ப்பு மிருகம் ஒருவரைக் காயப்படுத்தினால், அதன் சொந்தக்காரர் பொறுப்பாகலாம். மறுபக்கம், வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வழி தருகிறது. நாய் மலைக்கு வருவது நிர்வாகத்துக்குத் தெரியும், ஆனால் எழுத்தில் எந்த ஒழுங்கும் இல்லை என்றால், கடிபட்டவர் இரண்டு பக்கமும் அலைய வேண்டியதுதான். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அப்படியான சம்பளத்தில் வாழும் நாய்க்காரியிடம் நட்டஈடு வாங்கி யார் பிழைப்பது? கண்டும் காணாமல் விடுவது இரக்கம்போலத் தெரிந்தாலும், சுமை கடைசியில் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது.

வடக்கில் இருந்து பார்த்தால்

இதை வாசிக்கும் வன்னி உறவுகளுக்கு, நாயைப் பற்றி எழுத இவ்வளவா என்று தோன்றலாம். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயை வாசலில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, நாயும் இல்லை. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்கள் அந்த இழப்பை அதற்கு முன்னரும் ஒரு தடவை பார்த்தவர்கள். ஒரு நாயை வளர்ப்பது என்றால், இந்த வாசலில் நாளைக்கும் இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு அந்த வாசல் சட்டப்படி சொந்தமில்லை. முகாமில் இருந்தவர்களுக்கும் அது விளங்கும்.

என் கருத்து

ஸ்டோர், மடுவம், பிள்ளைக்காம்பரா மூன்றுக்கும் நாய் வரக்கூடாது. இதில் பங்களா நாய்க்கும் விலக்கு வேண்டாம். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பார்கள். மலைக்கு நாய் வருவதைப் பொறுத்தவரை, பொதுவாக வராமலிருப்பதே நல்லது என்றுதான் நினைக்கிறேன். குளவியும் சிறுத்தையும் இருக்கும் இடத்தில் நாய் தரும் துணையைவிட அது இழுத்துவரும் ஆபத்து கூடுதல். ஆனால் அதை லயத்தில் நாய் வளர்க்கத் தடையாக மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை. வீட்டில் நாய் வேண்டுமா என்பது வீட்டுக்காரரின் தீர்மானம்.

அதற்கு நிர்வாகமும் சபையும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வருடத்துக்கொரு முறை லயத்துக்கே வந்து ஊசி போட வேண்டும், பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். மலையில் நாய் வேண்டாம் என்றால், சிறுத்தை, பாம்பு, குளவி நடமாட்டம் பார்த்துச் சொல்ல ஒரு காவல்காரரை நிரைக்கு முன்னால் அனுப்ப வேண்டும். நாய் செய்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்? தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு இதையும் ஒரு வரியாகவாவது மேசையில் வைக்கலாம்.

தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய அந்த நிறுவகம் நூறு வருடமாகச் செடிக்கு வரும் நோயையும் பூச்சியையும் ஆராய்ந்து வருகிறது. செடிக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கை, அதைப் பறிக்கும் ஆளின் வாசலுக்கும் கொடுத்தால், நாயைப் பற்றிய கேள்விக்குப் பதில் காண்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.