குழந்தையின் கண்ணில் வெண்ணொளி

சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளம் வந்து சேரும் எதிர்சேவை நாளன்று, தந்தையரின் தோள்மீது அமர்ந்து வரும் குழந்தைகள் கணக்கிலடங்கார். விளக்கொளியில் அக்கண்கள் மின்னுவதைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், ஏதேனும் ஒரு குழந்தையின் கருமணி பூனைக்கண் போல வெண்மையாக ஒளிருமாயின், அதை அழகென்று கருதி வாளாவிருத்தல் ஆகாது. விழித்திரையில் தோன்றும் புற்றுநோயின் முதற்குறியாக அது இருக்கக்கூடும். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 8,000 குழந்தைகளை இந்நோய் பற்றுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 5 வயது நிரம்பாதவர்கள்.

இதன் மூலகாரணம் யாது? உயிரணு எப்போது பெருகலாம், எப்போது நிற்கவேண்டும் என்பதை ஆளும் மரபணுக்களுள் ஒன்று, 13-ஆவது குரோமோசோமில் உள்ளது. இந்நோயின் ஆராய்ச்சியால் 1986-ல் பிரித்தறியப்பட்ட அதற்கு ஆர்.பி. என்பது பெயர். அது ஆக்கும் புரதம், உயிரணுப் பெருக்கத்திற்குரிய மரபணுக்களை இயக்கும் மற்றொரு புரதத்தைப் பிடித்து நிறுத்திவைக்கிறது. வளர வேண்டிய தருணத்தில் மட்டும் அப்பிடியைத் தளர்த்துகிறது. பிடி அறவே அழிந்தால் உயிரணு கட்டின்றிப் பெருகத் தலைப்படும். அத்தகைய உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளவும் இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த ஏற்பாட்டிற்கும் தப்பிய உயிரணுவே கட்டியாக வளர்கிறது.

ஒரு வாய்க்காலுக்கு அடுத்தடுத்து இரண்டு அடைப்புப் பலகைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று உடைந்தாலும் மற்றது நீரைத் தடுக்கும். இரண்டும் உடைந்தால் வயல் பாழ். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இம்மரபணு நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே உடலெங்கும் ஒரு பிரதி பழுதுற்றிருக்கும். எஞ்சிய ஒன்றும் விழித்திரையில் கெடுமாயின் நோய் எழும். ஆதலால் அவர்களுக்கு அது இளமையிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றுகிறது. அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் நட்ஸன் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 1971-ல் கூறிய இக்கருத்து பின்னர் மெய்யென நிலைபெற்றது.

இதனின்று நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, இந்நோய் எவருடைய பாவத்தின் பயனும் அன்று. தாயின் குற்றமும் அன்று. குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாமலே இப்பழுது புதிதாக நேரலாம். பெற்றவளைப் பழிப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும். இரண்டாவது, ஒரு குழந்தைக்கு நோய் கண்டால் அதன் உடன்பிறந்தாரையும் தாமதியாது சோதிக்கவேண்டும். பழுதுற்ற பிரதி உடலெங்கும் உள்ளவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்ல இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

தொடக்கத்திலேயே கண்டால் லேசர் கதிராலும் மருந்தாலும் உயிரையும், பல சமயம் பார்வையையும் காக்கலாம். செல்வ நாடுகளில் 100 குழந்தைகளில் 95-க்கு மேல் பிழைக்கின்றன. நம் நாட்டிலோ காலந்தாழ்த்தி வருவதாலேயே பல உயிர்கள் மடிகின்றன. கட்டி முற்றியபின் கண்ணையே அகற்ற நேரிடும். கண்ணைக் கடந்து பரவிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மதுரையில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தல்லாகுளம் போன்றே வைகையின் வடகரையில் உள்ளது. இந்நோய்க்குச் சிகிச்சையும், அதன் மரபணுவைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடைபெறுகின்றன. குறைவுபடுவது செய்தியே. கிராமந்தோறும் பொதுத்தொண்டு புரியும் அன்பர்கள் இவ்வொரு செய்தியையும் உடன்கொண்டு செல்வார்களாக: கருமணியில் வெண்மை கண்டால், மறுநாள் என்று ஒத்திவையாமல் அன்றே கண் வைத்தியரிடம் செல்க.